எஞ்சின்காரருக்கு ஒன்றுமில்லை

எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பல்வலி என்று சொல்லி அவர் கூட்டிக்கொண்டு வந்த ஆளுக்கு வாயில் ஒரு பல்கூட இல்லை.

நான் மரக்காணத்துக்கு நர்சாக வந்து சேர்ந்த முதல் வாரம் அது. எழுபதுகளின் தொடக்கம். வந்தவர் உப்பளத்து எஞ்சின்காரர். உப்பங்கழியிலிருந்து பாத்திகளுக்குத் தண்ணீர் இறைக்கும் ஆயில் எஞ்சினை ஓட்டுகிறவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். நல்ல உயரம். ஆனால் தோளை யாரோ எப்போதும் மேலிருந்து அமுக்கிக்கொண்டிருப்பது போல முன்பக்கம் வளைந்திருப்பார். கூட வந்திருந்தவர் அளத்துக் காவல்காரக் கிழவர்.

"இவருக்குப் பல்லு வலிங்க. ரெண்டு நாளா தூக்கமே இல்ல, பாவம்" என்றார் எஞ்சின்காரர்.

டாக்டர் கிழவரின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். அணைத்துவிட்டு மறுபடியும் அடித்துப் பார்த்தார்.

"ஏம்பா, எந்தப் பல்லு?"

"எனக்கும் அதாங்க புரியல. வா வான்னு இட்டுனு வந்துட்டாரு" என்றார் கிழவர்.

எஞ்சின்காரர் விடவில்லை. "இடது பக்கம், கீழ, கடைசிப் பல்லுங்க. தண்ணி பட்டா உயிரு போவுது... போவுதாமுங்க."

அப்போதுதான் நான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். இடது கன்னம் பன்ரொட்டி மாதிரி வீங்கியிருந்தது.

"உங்க கன்னம் ஏன் இப்படி வீங்கியிருக்குது?"

"எனக்கா? எனக்கு ஒண்ணும் இல்லீங்க நர்சம்மா. இவரப் பாருங்க."

டாக்டர் கெட்டிக்காரர். "பெரியவருக்குப் பயமா இருக்குது. நீ முதல்ல ஊசி போட்டுக்கிட்டுக் காட்டு, அவருக்குத் தைரியம் வரும்" என்று சொல்லி எஞ்சின்காரரை நாற்காலியில் உட்கார வைத்து, பல்லைப் பிடுங்கியே விட்டார். பஞ்சைக் கடித்துக்கொண்டு எழுந்தவர் கிழவரின் தோளைத் தட்டி, "இனிமே உங்களுக்கு வலிக்காது" என்று ஆறுதல் சொன்னார். கிழவரும் என்ன நினைத்தாரோ, "இப்பப் பரவால்லப்பா" என்றார்.

அதற்குப் பிறகு நான் அவருடைய பாஷையைக் கற்றுக்கொண்டேன். அதில், 'எனக்கு ஒண்ணும் இல்லீங்க' என்பதைத் தவிர, 'எனக்கு' என்ற சொல்லே கிடையாது. டீக்கடையில் நின்றால், "உங்களுக்கு டீ குடிக்கணும் போல இருக்குது, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது" என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வார். அந்த ஆள் ஆமாம் என்றால் இவருக்கும் டீ கிடைக்கும். இல்லை என்றால் இவர் தாகத்தோடு திரும்பிப் போவார். மழை வருகிறது, வீட்டுக்குப் போக வேண்டும் என்றால், "எஞ்சினுக்கு இன்னிக்கி மனசு சரியில்ல, நிறுத்திடலாங்களா?" என்று முதலாளியிடம் கேட்பார். அந்த எஞ்சினுக்குக் காய்ச்சல் வரும், பசிக்கும், தூக்கம் வரும், சில நாள் அழுகைகூட வரும். பழைய எஞ்சின்தானே என்று முதலாளி விட்டுவிடுவார்.

அவருடைய அக்காவோடு பழகிய பிறகுதான் இந்தப் பாஷை எங்கே பிறந்தது என்று எனக்கு விளங்கியது.

அக்காவும் தம்பியும் கோயில் தெருவில் இருந்தார்கள். அவர்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில்தான் நான் வாடகைக்கு இருந்தேன். கோயில் என்றால் மாதா கோயில். நான் பிரம்மதேசம் பக்கத்து இந்துப் பெண். எனக்கு அங்கே எல்லாம் புதிதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அக்கா போவதே ஓர் ஊர்வலம் போல இருக்கும். வெள்ளைப் புடவை, கழுத்தில் மாதா சபையின் நீல ரிப்பன், கையில் ஜெபமாலை. பெண்கள் பக்கம் முதல் வரிசையில் அவருக்கென்று ஓர் இடம் உண்டு. வேறு யாராவது தெரியாமல் உட்கார்ந்துவிட்டால் பக்கத்தில் நின்று மெல்லப் பெருமூச்சு விடுவார். மூன்றாவது பெருமூச்சில் இடம் காலியாகிவிடும்.

சின்ன வயதிலேயே புருஷனை இழந்து அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தவர். வந்த கொஞ்ச நாளில் அம்மாவும் அப்பாவும் போய்விட, பத்து வயதுத் தம்பியை வளர்க்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. அது உண்மை. அந்த உண்மையை மீன்காரியிடமும் சொல்வார், பஸ் கண்டக்டரிடமும் சொல்வார், தடுப்பூசி போட வந்த சுகாதார இன்ஸ்பெக்டரிடமும் சொல்வார்.

"இவனுக்காக என் வாழ்க்கையையே குடுத்துட்டேன். கேட்டுப் பாருங்க அவன. டேய், நான் உன்ன ஒரு நாளாவது ஒரு வார்த்த சொல்லியிருப்பனாடா?"

"இல்லக்கா."

"பாத்தீங்களா?"

எனக்கும் முதல் சில மாதங்கள் அவர் மேல் பெரிய மரியாதை இருந்தது. மீன் குழம்பு கொண்டுவந்து கொடுப்பார். 'நீ என் மக மாதிரி' என்பார். பிறகு ஒருமுறை எனக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்தேன். அக்கா பார்க்க வந்தார்.

"எவ்ளோ இருக்குது?"

"நூத்தி ரெண்டுக்கா."

"நூத்தி ரெண்டா? எனக்கு ஒருவாட்டி நூத்தி ஆறு. தெர்மாமீட்டரே பத்தல. டாக்டரே கண்ணுல தண்ணி உட்டுட்டாரு."

அந்தக் காய்ச்சலின் கதையை முழுவதும் கேட்டேன். கதை சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை வறண்டுவிட்டது. அவர் கிளம்பிப் போன பிறகுதான் கவனித்தேன், நடுங்கிக்கொண்டே எழுந்து போய் அவருக்கு நான் வெந்நீர் வைத்துக் கொடுத்திருந்தேன்.

எனக்கு ஒரு மாலைப்பொழுது. அவர் தம்பிக்கு முப்பத்தைந்து வருஷம்.

அந்த வீட்டில் வலி, ஆசை, சந்தோஷம் எல்லாமே ஒரே ஆளுக்குத்தான் பாத்தியதை. தம்பிக்குத் தலைவலி என்றால் அக்கா தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்துவிடுவார். "உன் தலவலிய நெனச்சு நெனச்சு எனக்கு மண்ட பொளக்குது" என்பார். தம்பி எழுந்து தைலம் தேய்த்துவிட வேண்டும். ஒருநாள் கானாங்கத்தைக் குழம்பு நன்றாயிருக்கிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாராம். மறுநாளிலிருந்து அந்த மீன் சீசன் முடியும் வரைக்கும் தினமும் கானாங்கத்தை. தெருவெல்லாம் ஒரே பேச்சு. "அவன் கேட்டுட்டான், நான் இன்னா பண்றது? இடுப்பு ஒடிஞ்சாலும் செஞ்சிதான ஆவணும்?" அதற்குப் பிறகு அவர் எதையும் நன்றாயிருக்கிறது என்று சொன்னதே இல்லை. நன்றாயில்லை என்று சொன்ன காலமும் ஒன்று இருந்திருக்கும். அது எனக்கு முந்திய காலம்.

ஒருநாள் கையில் சுளுக்கு என்று (எஞ்சினுக்குச் சுளுக்கு என்றுதான் சொன்னார்) ஆஸ்பத்திரிக்கு வந்தவர், கட்டுப் போட்ட பிறகும் போகாமல் நின்றார்.

"நர்சம்மா, ஒருத்தருக்கு முழிச்சிக்கினு இருக்கும்போதே கனவு வருமா?"

"ஏன், யாருக்கு வருது?"

"சும்மா கேட்டேங்க."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வந்தது. வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நீ போய்விட்டு வா என்று அக்கா சொல்லியிருக்கிறார். இவர் முதலாளியிடம் லீவு வாங்கி, துணிமணி மூட்டை கட்டி, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, "எங்கடா கிளம்பிட்ட?" என்றாராம் அக்கா. நீதானே சொன்னாய் என்றதற்கு, "நான் எப்படா சொன்னேன்? கனவு கண்டியா? என்ன அம்போன்னு உட்டுட்டுப் போவ இப்டியெல்லாம் ஒரு கதையா?" என்று கேட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தெரு கூடிவிட்டது. அக்காவுக்கு விசிறியவர்களில் இவரும் ஒருவர்.

"அக்கா பொய் சொல்ல மாட்டாங்க நர்சம்மா. கோயில்ல முன்னாடி உக்கார்றவங்க. அதான், இங்கதான் ஏதாவது..." என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

நான் அதுவரை அவர் கதைகளைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தவள். அன்று சிரிப்பு வரவில்லை. "கனவெல்லாம் இல்ல. உங்க காது நல்லாத்தான் இருக்குது, புத்தியும் நல்லாத்தான் இருக்குது" என்றேன். அவர் என்னை நம்பவில்லை. ஆனால் போகும்போது, "உங்களுக்கு இப்பக் கொஞ்சம் நிம்மதியா இருக்கும் போலங்க" என்றார்.

அவருக்குப் பெண் பார்க்காமலும் இல்லை. பார்த்தார்கள். பாண்டிச்சேரிப் பக்கத்தில் ஒரு பெண் நிச்சயமாகும் சமயத்தில் அக்காவுக்கு மூச்சு நின்றுவிட்டது. மாதா கோயில் சாமியார் ஓடிவந்து அவஸ்தைப் பூசுதல் கொடுத்தார். சாகக் கிடக்கிறவர்களுக்கு எண்ணெய் பூசி மந்திரிக்கும் சடங்கு அது. எண்ணெய் காய்வதற்குள் பெண் வீட்டுக்காரர்கள் பஸ் ஏறிவிட்டார்கள். பஸ் புறப்பட்டதும் அக்கா எழுந்து கஞ்சி கேட்டார். அடுத்த பெண்ணுக்கும் அப்படியே ஆயிற்று. ஒரு மனுஷிக்கு வாழ்க்கையில் ஒரு தடவை போதும் என்று வைத்திருக்கிற அந்த எண்ணெயை அக்கா எத்தனை தடவை வாங்கினார் என்று கோயில் குட்டிக்குக் கூடக் கணக்குத் தெரியாது. கோயில் குட்டி என்பவர் சாமியாருக்கு உதவி செய்யும், அறுபது வயதான ஆள்.

நான் கண்ணால் பார்த்தது எஞ்சின் வெந்நீர் கொட்டிய நாள். எஞ்சினின் தண்ணீர்த் தொட்டியிலிருந்து கொதிநீர் சீறி அவருடைய வலது கை முழங்கை வரைக்கும் வெந்துபோயிற்று. அளத்து ஆட்கள் தூக்காத குறையாக அழைத்து வந்தார்கள். நான் மருந்து எடுக்கப் போய்த் திரும்பினால் கட்டிலில் அக்கா படுத்திருக்கிறார். சேதி கேட்டு ஓடிவந்தவர், "ஐயோ, என்னால இதப் பாக்க முடியாது" என்று அப்படியே சாய்ந்துவிட்டாராம். எஞ்சின்காரர் பக்கத்தில் நின்று, தோலுரிந்த கையில் விசிறியைப் பிடித்து, அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

"முதல்ல அக்காவப் பாருங்க நர்சம்மா. எனக்கு ஒண்ணும் இல்லீங்க."

டாக்டர் அக்காவுக்கு ஒரு சத்து ஊசி போட்டார். கொஞ்சம் பெரிய ஊசியாகவே எடுத்தார் என்று நினைக்கிறேன். அக்கா துள்ளி எழுந்து உட்கார்ந்ததும் கட்டில் எஞ்சின்காரருக்குக் கிடைத்தது.

கடைசியில் அக்கா உண்மையாகவே செத்துப்போனபோது யாரும் நம்பவில்லை. ஒரு மத்தியானம் நெஞ்சு வலிக்கிறது என்றார். எஞ்சின்காரர் ஓடிப் போய்ச் சாமியாரைக் கூப்பிட்டார். சாமியார், "வர்றேம்பா, ரெண்டு வாய் சாப்ட்டு வர்றேன்" என்று உட்கார்ந்தார். மோர்ச்சோறு வரைக்கும் நிதானமாகச் சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, எண்ணெய்ச் சிமிழோடு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பாவம், அதற்குப் பிறகு அந்தச் சாமியார் யார் கூப்பிட்டாலும் கை கழுவாமல்கூட ஓடுவார்.

பெரிய சாவு. ஊரே வந்தது. கல்லறையில் பேசிய எல்லோரும் தியாகம் தியாகம் என்றார்கள். எஞ்சின்காரர் குழிக்குப் பக்கத்தில் நின்று கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"உங்களுக்கெல்லாம் அழுகையா வருது போல இருக்குது" என்றார்.

அப்போது நான் அழுதுவிட்டேன், அக்காவுக்காக இல்லை.

எனக்கு அப்போது சின்ன வயது. ஓர் ஆள் போய்விட்டால் அந்த ஆள் போட்ட சட்டமும் போய்விடும் என்று நினைத்திருந்தேன். இனிமேல் இந்த மனிதர் நிமிர்ந்து நடப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ யாருமில்லாத வீட்டில், யாருடைய தூக்கத்தையும் கெடுத்துவிடக் கூடாது என்பது போல, விரல் நுனியில் நடந்தார். தும்மல் வந்தால் வாசலுக்கு ஓடிவந்து தும்மிவிட்டு உள்ளே போவார். எதிர்வீட்டிலிருந்து நான் பார்த்திருக்கிறேன்.

அதைவிடக் கஷ்டம், இதுவரை எல்லாவற்றையும் அக்கா முடிவு செய்தார். இப்போது ஊரே முடிவு செய்ய ஆரம்பித்தது. முடி வெட்டப் போனால் கடைக்காரர் எப்படி வெட்டட்டும் என்று கேட்பார். "உங்களுக்கு எப்டி வசதிங்க?" என்பார் இவர். கடைக்காரருக்கு அந்தக் காலத்தில் காதை மூடிக் கிருதா வைப்பதுதான் வசதி. கிறிஸ்துமஸுக்கு முதலாளி எடுத்துக் கொடுத்த துணியோடு தையல்கடைக்குப் போனார். அந்தத் தையல்காரப் பையன் பாண்டிச்சேரியில் தொழில் பழகி வந்தவன். "அண்ணே, எப்டி வேணும்?" என்றான். "உங்களுக்கு எப்டித் தோணுது?" என்றார். அவனுக்குப் பெல்பாட்டம் என்று தோன்றியது.

காதை மூடிய கிருதாவோடும், ஒவ்வொரு காலிலும் ஒரு பாவாடையைத் தைத்தது போன்ற பேண்ட்டோடும், எஞ்சின்காரர் பூசையில் சாமியாரிடம் நற்கருணை அப்பம் வாங்கப் போனதைப் பார்த்து அன்று பாட்டுக்காரர்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பேண்ட்டோடே அவர் உப்பள வரப்பிலும் நடந்தார். பாத்திக்குப் பாத்தி சேறு மொண்டுகொண்டே போவார்.

"எஞ்சின்காரரே, தண்ணி எறைக்க எஞ்சின் எதுக்கு? நீங்க நாலு தபா நடந்தாப் போதுமே" என்று ஒரு குரல் கேட்டது. அதுதான் ரோசலி.

ரோசலி தலையில் கூடை வைத்து உப்புச் சுமக்கும் பெண்களில் ஒருத்தி. நாற்பது வயது. புருஷன் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது, பிள்ளைகள் இல்லை. அந்தக் கூட்டத்திலேயே வாய்க்காரி. அவள் பேசினால் கணக்குப்பிள்ளை குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். வெயில் நேரத்தில் பெண்கள் எஞ்சின் கொட்டகையில் தண்ணீர் குடிக்க ஒதுங்குவார்கள். அங்கே வருஷக்கணக்கில் அவரைப் பார்த்துப் பார்த்து, எனக்கு முன்னாலேயே அவருடைய பாஷையைக் கற்றிருந்தாள்.

"அவரு 'உங்களுக்குப் பசிக்குதா'ன்னு கேட்டா நான் பதிலே சொல்ல மாட்டேன் நர்சம்மா. என் தூக்குல இருந்து பாதிய எடுத்து அவர் முன்னாடி வச்சிடுவேன்" என்றாள் என்னிடம்.

ஒரு தடவை காலரா ஊசி போட நான் அளத்துக்குப் போயிருந்தேன். கொட்டகையில் வரிசை நின்றது. ரோசலி முதலில் கையை நீட்டினாள். எஞ்சின்காரர் எஞ்சினைத் துணியால் துடைத்துக்கொண்டே, எஞ்சினிடம் சொல்வது போலச் சொன்னார்:

"ரோசலிம்மாவுக்கு... என்னக் கட்டிக்கணும்னு இருக்குது போல."

ரோசலியின் கையில் ஊசி குத்தியபடி நான் அப்படியே நின்றேன்.

"இருக்குது" என்றாள் ரோசலி. "எனக்கு இருக்குது. உங்களுக்கு இருக்குதா?"

அவர் வாயைத் திறந்தார். விக்கல் வந்தது. ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று. பிறகு, "எஞ்சினுக்கு ஆயில் பத்தல" என்று சொல்லிவிட்டு, ஓடிக்கொண்டிருந்த எஞ்சினையும் விட்டுவிட்டு வரப்பில் இறங்கி நடந்துவிட்டார். பெல்பாட்டம் காற்றில் படபடத்தது.

எல்லோரும் ரோசலியைப் பார்த்தார்கள். "ஊசிய எடுங்க நர்சம்மா, வலிக்குது" என்றாள்.

அதற்குப் பிறகு நானும் முயன்று பார்த்தேன். சாயங்காலம் அவரை என் வீட்டு வாசலில் உட்கார வைத்து, "எங்க, சொல்லுங்க. எனக்கு ரோசலியப் பிடிச்சிருக்குது" என்பேன்.

"உங்களுக்கு ரோசலியப் பிடிச்சிருக்குது."

"உங்களுக்கு இல்ல, எனக்கு."

"ஆமாங்க, உங்களுக்குத்தாங்க."

அந்த 'எனக்கு'வைச் சொல்ல 'எ' என்று ஆரம்பித்தாலே விக்கல் வந்துவிடும். தண்ணீர் குடிக்க வைத்து, முதுகைத் தட்டி, சர்க்கரை கொடுத்துப் பார்த்தும் நிற்கவில்லை. ஒருநாள் விக்கலுக்கு நடுவே, கண்ணில் நீர் முட்ட, கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சொன்னா யாருக்காவது ஏதாவது ஆயிடுங்க நர்சம்மா." பூட்டிக் கிடந்த எதிர்வீட்டை, அக்கா இருந்த வீட்டைத்தான் அவர் பார்த்தார். நான் பாடத்தை அன்றோடு நிறுத்திவிட்டேன்.

ரோசலி நிறுத்தவில்லை. நேராகச் சாமியாரிடம் போய்க் கல்யாண ஓலைக்குச் சொல்லிவிட்டு வந்தாள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு கோயிலில் வாசிப்பார்கள். அதுதான் ஓலை. எஞ்சின்காரரிடம் சாமியார் கேட்டதற்கு, "ரோசலிம்மாவுக்கு ஆசையா இருக்குதுங்க சாமி" என்று மட்டும் சொன்னாராம்.

"அவரு உன்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே, எந்தத் தைரியத்துல?" என்று கேட்டேன்.

"கோயில்ல சாமியாரு கேட்டா அவரு வாயாலதான் சொல்லி ஆவணும். அங்க அவருக்காக வேற யாரும் சொல்ல முடியாதில்ல?"

"சொல்லலன்னா?"

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "சொல்லலன்னா மறுநாள் கூடைய எடுத்துக்கினு அளத்துக்குப் போவேன். சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். ஆனா நான் அவரு மனச ஊகிச்சுக்கினே குடும்பம் நடத்த மாட்டேன் நர்சம்மா. ஒருவாட்டியாவது அவரு சொல்லணும்."

கல்யாணத்தன்று கோயில் நிரம்பியிருந்தது. பாதிப்பேர் வாழ்த்த வந்தவர்கள். மீதிப்பேர் விக்கலைப் பார்க்க வந்தவர்கள். பேண்ட் இல்லை, வேட்டிதான். நானே முந்தின நாள் போய்ப் பார்த்து எடுத்து வைத்தேன். கிருதாவை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

சாமியார் கேட்டார்: யாருடைய கட்டாயமும் இல்லாமல், உன் சொந்த விருப்பத்தோடு வந்திருக்கிறாயா? இவளை உன் மனைவியாக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா?

எஞ்சின்காரர் பெண்கள் பக்கத்து முதல் வரிசையைப் பார்த்தார். அக்காவின் இடத்தில் யாரோ ஒரு பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். விக்கல் வந்தது. கோயிலின் உயரமான கூரைக்கு அது போய்த் திரும்பி வந்தது.

"சாமி... உங்களுக்கு..."

"எனக்கு இல்லப்பா" என்றார் சாமியார். "உனக்கு."

யாரோ சிரித்தார்கள். ரோசலி திரும்பிப் பார்த்தாள், சிரிப்பு நின்றது.

"எ..." விக்கல். "எ..." விக்கல். வேட்டியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது. ஹேண்டில் போட்டு அந்தப் பழைய எஞ்சினைச் சுற்றும்போதுகூட அவர் அப்படித் திணறி நான் பார்த்ததில்லை.

"எனக்கு வேணும்."

சொன்னது உரக்க வந்துவிட்டது. முதல் வரிசைக் குழந்தை வீறிட்டு அழுதது. சாமியார் கலங்கிப்போய், "சம்மதம்னு சொல்லணும்பா" என்றார்.

"இருக்கட்டும் சாமி" என்றாள் ரோசலி. "இதவிட வேற இன்னா சம்மதம்?"

இதோடு நிறுத்தினால் கதை நன்றாக முடிந்த மாதிரி இருக்கும். ஆனால் மறுநாள் காலையில் ரோசலி வந்து தலையில் அடித்துக்கொண்டாள். "உங்களுக்குக் காப்பி வேணுமா, உங்களுக்கு வேத்துக் கொட்டுதா, உங்களுக்குக் கால் வலிக்குதா. மறுபடியும் ஆரம்பிச்சிட்டாரு நர்சம்மா." கோயிலில் சொன்ன அந்த ஒன்றையே முதலாக வைத்து அவர் காலம் தள்ளிவிடுவார் போல இருந்தது. அவளும் பாஷையைப் பெயர்த்துப் பெயர்த்துக் குடும்பம் நடத்தினாள். எதைச் சமைத்து வைத்தாலும் சாப்பிடுவார். தட்டில் ஒன்றையும் மிச்சம் வைக்க மாட்டார். உப்பே போடாமல் ஒருநாள் வேண்டுமென்றே குழம்பு வைத்துப் பார்த்திருக்கிறாள். உப்பளத்திலேயே வேலை செய்கிற மனிதர், அதையும் வழித்துச் சாப்பிட்டிருக்கிறார்.

கல்யாணமாகி ஒரு வருஷம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எதிர்வீட்டில் தட்டு நகர்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு எஞ்சின்காரர் செருப்புகூடப் போடாமல் வெளியே வந்து, தெருவில் கடல் பக்கமாக விறுவிறுவென்று போனார். பின்னாலேயே ரோசலி கையில் கரண்டியோடு ஓடிவந்தாள். நானும் வாசலுக்கு ஓடினேன்.

"இன்னா ஆச்சு?"

"கத்திரிக்கா பிடிக்காதாம்!" முகமெல்லாம் பல்லாக நின்றாள். "நர்சம்மா, அவருக்குக் கத்திரிக்கா பிடிக்காதாம்! சின்ன வயசுல இருந்தே பிடிக்காதாம்! வாரத்துக்கு ரெண்டு நாள் ஆக்கிப் போட்டிருக்கேன், இன்னிக்கிச் சொல்றாரு. 'எனக்கு வேணாம், எனக்குப் பிடிக்காது'ன்னு தட்ட நகத்திட்டாரு!"

"அப்புறம் ஏன் ஓடுறாரு?"

அது அவளுக்கும் புரியவில்லை. சொன்ன உடனே அவர் முகம் வெளுத்துப்போய், அவளையே உற்றுப் பார்த்தாராம். பிறகு எழுந்தவர்தான்.

நாங்கள் அவள் வீட்டு நடையிலேயே காத்திருந்தோம். வெயில் சாய ஆரம்பித்த பிறகு தெருக்கோடியில் அவர் தலை தெரிந்தது. வந்தார், நின்றார், ஒரு வீட்டுச் சுவரோரமாக ஒதுங்கி இன்னும் கொஞ்சம் வந்தார். வாசலுக்கு வெளியே நின்று தலையை மட்டும் நீட்டி, ரோசலியை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தார்.

"உங்களுக்கு நெஞ்சு வலிக்குதா?" என்று கேட்டார்.

"இல்லியே."

"தல சுத்துதா?"

"இல்ல."

"படபடன்னு வருதா? மூச்சு?"

"நல்லாத்தான் வுட்டுக்கினு இருக்கேன்."

அவர் என்னைப் பார்த்தார். நர்ஸ் சொன்னால்தான் நம்புவார் போல. நான் ரோசலியின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன். உண்மையாகவே பார்த்தேன், வாட்சைப் பார்த்து எண்ணினேன். "சரியா இருக்குது" என்றேன்.

அவர் வாசற்படியில் மெல்ல உட்கார்ந்தார்.

"ஒண்ணுமேவா இல்ல?"

"பசிக்குது" என்றாள் ரோசலி. "நீங்க வர்ற வரைக்கும் நானும் சாப்பிடல. வாங்க, ரசம் இருக்குது."